பன்னிரண்டு டெசிபெல்

மார்ச் 3, 2026. செவ்வாய், காலை 9.10

ஸ்பீக்கர் கருவிகள் நான்கு. ஒவ்வொன்றிலும் ஒலிப் பட்டைகள் பத்து. ஆக நாற்பது கெயின், ஒலியை ஏற்றி இறக்கும் அளவுகள். நாற்பதும் பூஜ்யத்தில்.

இதை எழுதி வைக்கக் காரணம் உண்டு. கெயினை யார் தொட்டது, எப்போது தொட்டது என்று குறிக்காதவன் பிறகு கருவியைத் திட்டுவான். தினமும் பார்க்கிறேன். வீடுகளுக்கு ஸ்ட்ரீமிங் ஸ்பீக்கர் பொருத்துவது என் வேலை. வடவள்ளியில் குப்புராஜ் அண்ணன் கடை. பொருத்துவதைவிட டியூன் செய்வதில்தான் நேரம் போகும். ஈக்வலைசரில் இடது ஓரம் அடிச் சத்தம்: உருமல், டிரம், ஆண்குரலின் வயிறு. வலது ஓரம் மேல் சத்தம்: சலங்கை, விசில், கிசுகிசுப்பு. நல்ல ஸ்பீக்கர் என்றால் எல்லாவற்றையும் பூஜ்யத்தில் விட்டாலே நன்றாகப் பாடும். சனங்கள் சும்மா இருக்க மாட்டார்கள். வலது ஓரத்தைப் பன்னிரண்டு வரை ஏற்றிவிட்டுத் தலைவலிக்கிறது என்பார்கள். கடையில் மற்றவர்கள் சத்தத்தை அளக்கும் அளவு மைக் வைத்து டியூன் செய்கிறார்கள். எனக்கு அது வேண்டியதில்லை. காது இருக்கிறது.

இந்த நான்கும் என் வீட்டுக்கு. ஹால், சமையலறை, படுக்கையறை, என் மேஜை. என் மனைவி தாரணியும் பாப்பாவும் வருவதற்குள் தயாராக வேண்டும். பிரசவத்துக்குத் தாய்வீடான கோபிக்குப் போனவளை ஐந்தாம் மாதம், சித்திரையில் கூட்டி வர நாள் பார்த்திருக்கிறார்கள். ஜூனில் அவளுடைய வங்கி விடுப்பு முடிகிறது. பிறகு பாப்பாவைப் பகலில் யார் பார்ப்பது என்பதுதான் இரண்டு வீட்டிலும் பேச்சு.

நான் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டேன். பகலில் மேஜை வேலை, மாலையில் டியூனிங். மாமியார் சிரித்தார். "மாப்ளைங்க, புள்ள என்ன ஸ்பீக்கருங்களா? சுவிட்ச அமுத்துனா நிக்கறதுக்கு?" தாரணி சிரிக்கவில்லை. "ஒரு தப்பு நடந்தாலும் அடுத்த பஸ்ல அம்மா வந்துருவாங்க, மாமா. அப்புறம் நான் உங்கள நம்பி விடமாட்டேன். சரியா?" என்றாள்.

சரி என்றேன். என் மகளோடு தனியாக இருக்க எனக்குத் தகுதி உண்டா, இல்லையா. கேள்வி அவ்வளவுதான்.

மார்ச் 9, திங்கள்

ஹால் ஸ்பீக்கர் மந்தமாக இருக்கிறது. போர்வை போட்டு மூடியது போல. எட்டு கிலோஹெர்ட்ஸ் பட்டையில் +2 டெசிபெல் வைத்தேன். சரியானது. போன வாரம் மென்பொருள் புதுப்பிப்பு வந்தது, அதில்தான் எதையோ கெடுத்திருக்கிறார்கள். எழுதுகிற பயல்களுக்குக் காதே கிடையாது.

மார்ச் 11, புதன்

சமையலறை ஸ்பீக்கரும் அதே கதை. +4.

மார்ச் 17, செவ்வாய்

நான்கிலும் வலது ஓரம் +6. மேல் சத்தம் தரும் ட்வீட்டர் நான்கும் ஒரே வாரத்தில் சாகாது. மென்பொருளேதான். நிறுவனத்துக்குக் காட்டமாக எழுதினேன். "எங்கள் பக்கம் மாற்றம் எதுவும் இல்லை" என்று இயந்திரம் எழுதியது போல ஒரு பதில் வந்தது.

மாலையில் ரேஸ்கோர்ஸில் சௌந்தரவேல் வீடு. மில் முதலாளி. இரண்டு நாள் முன்பு நான் டியூன் செய்து கொடுத்தது. சோபாவில் பஞ்சை அடைத்த காதோடு உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங் தம்பி, காசு குடுத்து எதுக்குங் காதுல ஊசி குத்திக்கணும்?"

"கேட்டுப் பழகணும் சார். இதுதான் சரியான சத்தம்."

"எங்க வீட்டு நாய் இந்தப் பக்கம் வர்றதே இல்லீங்."

நாய்க்காக டியூன் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். வருவதற்குள் கடைக்குப் போன் பறந்திருக்கிறது. குப்புராஜ் அண்ணன் கேட்டார்: "என்றா நவநீதா, இந்த மாசம் மூணாவது வீடு. எல்லாருஞ் சொல்லி வெச்ச மாதிரி கூசுதுங்கறாங்க?"

"எல்லாரும் மட்டமான ஸ்பீக்கர்ல கேட்டு வளர்ந்தவங்கண்ணா."

அண்ணன் குரல் கனத்த குரல். இப்போதெல்லாம் தெளிவாகப் பேசுகிறவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் வாய்க்குள்ளேயே மென்று துப்புகிறார்கள்.

மார்ச் 22, ஞாயிறு

கோபி போய் வந்தேன். பாப்பா கனத்துவிட்டாள். அமுதினி என்று கூப்பிட்டால் முகத்தைப் பார்க்கிறாள்.

மாமியார் ஒரு கிலுகிலுப்பை வாங்கி வைத்திருந்தார். வெள்ளி. கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தேன். உள்ளே மணி எதுவும் இல்லை, வெறும் கூடு. வெள்ளி என்றால் எதை வேண்டுமானாலும் தலையில் கட்டிவிடுவார்கள் போல. ஓரமாக வைக்கப் போனேன். அதற்குள் தாரணி அதை வாங்கிப் பாப்பாவின் தலைக்குப் பின்னால், அவள் பார்க்காத பக்கமாகப் பிடித்து ஆட்டினாள்.

பாப்பா திரும்பினாள். சத்தம் இல்லாத பொருளைத் தேடிக் கழுத்தை வளைத்துப் பார்த்துச் சிரித்தாள். தாரணி இடப் பக்கம் ஆட்டினாள், பாப்பா இடப் பக்கம் திரும்பினாள். வலப் பக்கம் ஆட்டினாள், வலப் பக்கம்.

குழந்தைகளுக்குக் காற்றின் அசைவு கூடத் தெரியும் என்று எங்கோ படித்திருக்கிறேன். அதுவாகத்தான் இருக்கும்.

மார்ச் 30, திங்கள்

ஜன்னலுக்கு வெளியே வேம்பு பூத்துவிட்டது. குயில் இன்னும் வரவில்லை. போன வருடம் இதே நாட்களில் உயிரை எடுத்தது. கீழ் வீட்டு ருக்மணி அக்காவிடம் பேச்சுவாக்கில் சொன்னேன்.

"ஏந் தம்பி, கிண்டலா? பொழுதன்னைக்கும் கத்திக் கத்தி என்னைய ஒரு மத்தியானம் கண்ண மூட உடறதில்ல அது."

நான் அண்ணாந்து பார்த்தேன். கிளையில் கருப்பாக ஒன்று உட்கார்ந்திருந்தது. அலகு திறந்தது, தொண்டை புடைத்தது, அலகு மூடியது. மறுபடி திறந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. தெருவில் லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது, அதனால் இருக்கலாம்.

லாரி போன பிறகும் பார்த்தேன். வேலை கிடந்தது, உள்ளே வந்துவிட்டேன்.

ஏப்ரல் 6, திங்கள். முற்பகல்

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

நான்கு கருவியிலும் மைக் உண்டு. அறையில் என்ன சத்தம் இருக்கிறது என்று ஆப்பில் மீட்டராகக் காட்டும். பத்துப் பட்டைக்கும் பத்துத் தூண்கள், சத்தத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். பாப்பா தூங்கும்போது படுக்கையறை மைக்கை என் மேஜை ஸ்பீக்கரோடு இணைத்துவிட்டால் அங்கே அழுதால் இங்கே கேட்கும். என் திட்டத்தின் அடிப்படை இதுதான். இன்று அதைச் சோதிக்க உட்கார்ந்தேன்.

வீட்டில் யாரும் இல்லை. விசிறியை நிறுத்தியிருந்தேன். ஆனால் ஹால் மீட்டரில் வலது பக்கத் தூண் ஒன்று எழுந்தது. விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எழுந்தது. சீராக, மூச்சு விடுவது போல. அறையில் ஒரு சத்தமும் இல்லை. நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். அதுபாட்டுக்கு எழுந்தது, விழுந்தது.

கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். சமையலறையில் தூண் குட்டையானது. வாசல் பக்கம், மின்சாரப் பெட்டியும் இன்வெர்ட்டரும் இருக்கிற மூலையில் அது திரையின் உச்சியைத் தொட்டது. அவற்றைத் தவிர மூலையில் ஒன்றும் இல்லை. வெறும் சுவர். அந்தச் சுவரைப் பார்த்து எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. யாரோ எதிரே நின்று என்னைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடுவது போல இருந்தது. வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு நிஜமாகவே ஒரு முகம். ருக்மணி அக்கா.

"எத்தன வாட்டி பெல் அடிக்கறது தம்பி? ரெண்டு நாளா உங்க வீட்ல என்னமோ விசிலடிச்சுட்டே இருக்குது. தலைய வலிக்குது எனக்கு."

"விசிலா? எப்ப?"

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இப்பங்கூட அடிக்குது தம்பி."

கையில் இருந்த திரையில் தூண் எழுந்தது. அக்கா கண்ணைச் சுருக்கினார். விழுந்தது. அவர் முகம் தளர்ந்தது. மறுபடி எழுந்தது, மறுபடி சுருங்கியது. நான் சிரித்து மழுப்பினேன். அவர் சிரிக்கவில்லை, விறுவிறுவென்று படி இறங்கினார்.

ஏப்ரல் 7, செவ்வாய்

காலையில் கதவைத் திறந்தால் நிலையில் எலுமிச்சையும் மிளகாயும் தொங்குகிறது. கீழ் வீட்டு வேலை. கழற்றி எறியப் போனேன். எறியவில்லை. ஒரு நாள் இருக்கட்டும்.

ஏப்ரல் 12, ஞாயிறு

இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு. பேட்டரித் தண்ணீர் வற்றிவிட்டது. தண்ணீர் குறைந்தால் கத்த வேண்டிய பஸ்ஸர் கத்தவே இல்லை. வாரண்டி இருக்கிறது, புகார் கொடுக்க வேண்டும். தண்ணீர் ஊற்றியதும் மீட்டர் அடங்கிவிட்டது. மின்சாரக் குறுக்கீடு மைக்குக்குள் போயிருக்கிறது. தீர்ந்தது.

அக்கா கேட்டது என்ன என்று யோசித்தேன். ரத்த அழுத்தம் உள்ளவர், காது இரைந்திருக்கும்.

ஏப்ரல் 20, திங்கள்

வந்துவிட்டார்கள். ஆரத்தி எடுக்கக் கீழ் வீட்டு அக்காதான். வரவேற்க ஹாலில் நாதஸ்வரம் போட்டு வைத்திருந்தேன். மெதுவாகத்தான்.

தாரணி வாசற்படியில் ஒரு காலோடு நின்றுவிட்டாள். பாப்பா உடம்பை வில்லாக வளைத்து வாயைத் திறந்தாள். தாரணி ஓடிவந்து ஸ்பீக்கரின் ஒயரையே பிடுங்கினாள்.

"என்ன மாமா இது! தகரத்த ஆணியால கீறுற மாதிரி! புள்ள காது என்னத்துக்காகும்?"

என் போனை வாங்கி ஆப்பைத் திறந்து பார்த்தாள். வலப் பக்கத்து நான்கு பட்டைகளும் +12. அதற்கு மேல் கருவியில் இடமில்லை.

"யார் இப்படி வெச்சது?"

"டெஸ்ட் பண்ணிட்டிருந்தேன்."

எல்லாவற்றையும் பூஜ்யத்துக்கு இறக்கிப் போட்டுக் காட்டினாள். "இப்பத்தான் நாதஸ்வரம் மாதிரி இருக்குது" என்றாள். எனக்கு நாதஸ்வரம் கேட்கவில்லை. யாரோ சாக்குக்குள் இருந்து முனகுவது கேட்டது. ஆமாம் என்றேன்.

ஏப்ரல் 29, புதன்

தாரணி மாறியிருக்கிறாள். பேசுவதற்கு முன்பு என் தோளைத் தொடுகிறாள். அறைக்கு வெளியே இருந்து கூப்பிடுவதே இல்லை. எதிரே வந்து நின்று, முகம் பார்த்துப் பேசுகிறாள். நாலரை மாதப் பிரிவு. பாசம் கூடியிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

கத்தாதீர்கள் என்கிறாள். நான் கத்துவதில்லை.

மே 10, ஞாயிறு

பாப்பா குப்புற விழுகிறாள். இன்று மூன்று தடவை. கைதட்டியபோது என்னைப் பார்த்து என்னவோ சொன்னாள். உதடு அசைந்ததைப் பார்த்தேன்.

மே 14, வியாழன்

சண்டை. சாப்பிடும்போது தாரணி எனக்குப் பின்னால் நின்று ஏதோ பேசியிருக்கிறாள். ஒரு முறை அல்ல, வேண்டுமென்றே பல முறை. பிறகு முன்னால் வந்து, "நாளைக்குக் காது டாக்டர்ட்ட போலாம்" என்றாள்.

"எனக்கா? என் காதுல சம்பாதிச்சுத்தான் நீ சாப்பிடற."

"நானும் சம்பாதிக்கறேன் மாமா. கோவிச்சுக்காம ஒரு டெஸ்ட் எடுத்துருங்க. ஒண்ணுமில்லைன்னா ஒண்ணுமில்ல."

டாக்டர் எதற்கு? அதே ஆப்பில் கேட்கும் திறன் பரிசோதனை இருக்கிறது. ஹெட்போனை மாட்டினேன். என் கணக்கில் இணைந்த கருவி, என் பழைய அளவுகளைத் தானே எடுத்துக்கொண்டது. வசதி. பீப் கேட்டால் திரையைத் தொட வேண்டும். வலது ஓரத்தில் இரண்டைத் தவிர எல்லாம் கேட்டது. முடிவு: 'இயல்பான வரம்புக்குள்'. திரையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

தாரணி நெடுநேரம் அதைப் பார்த்தாள். "சரி" என்றாள். அவள் வாயசைவில் தெரிந்தது.

ஜூன் 8, திங்கள். முற்பகல்

முதல் நாள். தாரணி ஒன்பதரைக்கு வங்கிக்குக் கிளம்பினாள். கிளம்புவதற்குள் பத்து தடவை திரும்பி வந்தாள். பால், கஞ்சி, துணி, மருந்து. எல்லாம் தெரியும், போ என்றேன்.

பாப்பா குடித்தாள், விளையாடினாள், தூங்கினாள். படுக்கையறையில் சேலைத் தொட்டில். கதவைச் சாத்தி, ஏசி போட்டு, மைக்கை மேஜை ஸ்பீக்கரோடு இணைத்திருக்கிறேன். நான் ஹாலில், மேஜையில். மாமியார் இருந்தால் இந்நேரம் தொட்டிலை ஆட்டிக்கொண்டே நாலு சீரியல் கதை சொல்லியிருப்பார்.

மேஜை ஸ்பீக்கரில் ஏசியின் இரைச்சல். அதற்கு அடியில் எங்கோ தண்ணீர் மோட்டார் ஓடுகிறது. பக்கத்து வீட்டில் தொட்டி நிரப்புகிறார்கள் போல.

படுக்கையறை மீட்டர் மறுபடி அந்த வேலையைக் காட்டுகிறது. வலப் பக்கத் தூண்கள் துள்ளுகின்றன. ஏப்ரலில் பார்த்த அதே குறுக்கீடு. இந்தத் தடவை சீராக இல்லை, வெறி பிடித்தது போல எகிறுகிறது. ஸ்பீக்கரில் மோட்டார் தவிர ஒன்றுமில்லை. ஆப் நொடிக்கொரு முறை 'சத்தம் கண்டறியப்பட்டது' என்று சிவப்பாகக் காட்டுகிறது. தாரணியின் போனுக்கும் இது போகும். முதல் நாளே பொய் எச்சரிக்கை போய் அவள் பதறி ஓடிவந்தால் கதை முடிந்தது.

மைக்கின் கெயினை இரண்டு கிலோஹெர்ட்ஸுக்கு மேல் முழுக்க இறக்கினேன். −12.

மீட்டர் படுத்துவிட்டது. எச்சரிக்கை நின்றுவிட்டது. வீடு அமைதி. மோட்டார் மட்டும் ஓடுகிறது.

ஜூன் 8. மாலை

நடந்தது இது.

மேஜையில் போன் அதிர்ந்தது. தாரணி. எடுத்ததும் அவள் குரல் கொரகொரவென்று ஓடியது, ஒரு சொல்லும் பிடிபடவில்லை. "என்ன? மெதுவா சொல்லு" என்றேன். கதவு என்பது மட்டும் கிடைத்தது. கதவைத் திறந்தேன். ருக்மணி அக்கா வெறும் காலோடு நின்றிருந்தார், கை கதவில் அடித்த வாக்கிலேயே தூக்கியபடி. என்னைத் தள்ளிக்கொண்டு படுக்கையறைக்குள் ஓடினார்.

பாப்பா தொட்டிலுக்குள் குப்புறப் புரண்டு, சேலை முறுக்கிக்கொண்டு, தலையும் ஒரு கையும் வெளியே தொங்க, இடது கால் துணிக்குள் இறுகிக் கிடந்தாள். முகம் கறுத்த சிவப்பு. அக்கா துணியைப் பிரிக்க, நான் குழந்தையைத் தாங்கினேன். கால் ஊதா நிறமாக இருந்தது.

மோட்டார் சத்தம் அந்த அறையில் அதிகமாக இருந்தது. எனக்கு எரிச்சல் வந்தது. இந்த நேரத்தில் யார் மோட்டார் போடுகிறார்கள்?

"அக்கா, அந்த மோட்டார நிறுத்தச் சொல்லுங்க."

"எந்த மோட்டாரு?"

பாப்பாவின் வாய் முழுக்கத் திறந்திருந்தது. நாக்கு நடுங்கியது. மூச்சு வாங்க வாய் மூடியது. மோட்டார் நின்றது. மறுபடி வாய் திறந்தது. மோட்டார் ஓடியது.

அந்தச் சத்தம் என் கைக்குள் இருந்தது.

"தம்பி" என்றார் அக்கா. என் கன்னத்தைப் பிடித்து அவர் பக்கம் திருப்பி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "புள்ள அழுகுது. ஒரு மணி நேரமா அழுகுது. உங்களுக்குக் கேக்கலியா?"

ஜூன் 9, செவ்வாய்

கால் சரியாகிவிடும் என்று குழந்தை மருத்துவர் சொன்னார். ரத்த ஓட்டம் திரும்பிவிட்டது, எலும்பில் ஒன்றும் இல்லை. தொண்டை கட்டியிருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் என்று ஆரம்பித்தவர் தாரணியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஜூன் 10, புதன்

காது மருத்துவர். என் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துப் பீப் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். நெடுநேரம் ஒன்றுமே வராமல் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர்கள் கை மட்டும் குமிழைத் திருகிக்கொண்டே இருந்தது. ஏப்ரலில் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றபோது இருந்த அதே பயம். இந்த முறை மூலையில் இருப்பது என்ன என்று எனக்குத் தெரிந்திருந்தது.

தாளைக் காட்டினார். இடது ஓரத்தில் கோடு நேராக இருக்கிறது. நடுவில் சரிந்து, வலது ஓரத்தில் பாதாளம். நான் அந்தச் சரிவை அடையாளம் கண்டுகொண்டேன். மூன்று மாதமாக ஈக்வலைசரில் ஏற்றிக்கொண்டே போனேனே, அதன் தலைகீழ்.

"வீட்ல டெஸ்ட் எடுத்தேன் மேடம். நார்மல்னு வந்துச்சு."

"எதுல எடுத்தீங்க?"

சொன்னேன். சொல்லும்போதே புரிந்துவிட்டது. ஹெட்போனில் +12 ஏறியிருந்தது. எனக்குக் கேட்காததைக் கருவி ஏற்றிக் கொடுத்தது, நான் கேட்டது என்று திரையைத் தொட்டேன்.

"ரெண்டு காதும் சேர்ந்து இவ்வளவு வேகமா இறங்கறது வயசுனாலயோ சத்தத்துனாலயோ வர்றதில்ல. உங்க உடம்பே உள்காத எதிரின்னு நெனச்சு அடிக்குதோன்னு சந்தேகப்படறேன். ரத்தப் பரிசோதனை எழுதறேன், ஸ்டீராய்டு இன்னைக்கே ஆரம்பிச்சிருவோம்." பேனாவை மூடினார். "ஏப்ரல்லயே வந்திருந்தா நெறைய காப்பாத்தியிருக்கலாம். இப்ப இருக்கறது நிக்கும்னு பார்ப்போம். போனது வரும்னு சொல்ல மாட்டேன்."

"பாப்பா அழறது எனக்கு மோட்டார் மாதிரி கேட்டுது."

"அழுகைல அடியில இருக்கறது மட்டும் உங்களுக்கு வருது. மேல இருக்கறதெல்லாம் போச்சு. ஆளக் கூப்பிடறது அந்த மேல் பகுதிதான்."

தாரணி பக்கத்தில் இருந்தாள். மருந்துச் சீட்டை வாங்கிப் பையில் வைத்தாள்.

ஜூன் 13, சனி

மூன்று நாளாகத் திட்டுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. இன்று மத்தியானம் நானே கேட்டேன்.

"கோவமா இருந்தா திட்டித் தொலை."

பாப்பாவைத் தோளில் போட்டபடி எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். மெதுவாக, உதடு தெரியப் பேசினாள்.

"காது போனதுக்கு எதுக்குங் மாமா திட்டறேன்? அது வியாதி. ஆனா அன்னைக்கு எனக்கு மெசேஜ் வந்துச்சு. சத்தம், சத்தம்னு நாலு. சரி, மாமா தூக்கியிருப்பாருன்னு நெனச்சேன். அப்புறம் சட்டுனு நின்னுபோச்சு. பாப்பா சமாதானம் ஆயிட்டான்னு நிம்மதியா டோக்கன் கூப்பிட்டுட்டு இருந்தேன். ருக்மணியக்கா போன் பண்ணலைன்னா?"

பாப்பாவை மறு தோளுக்கு மாற்றினாள்.

"உங்களுக்குக் கேக்கல. சரி. எனக்கும் கேக்காம எதுக்கு மாமா பண்ணுனீங்க?"

பொய் எச்சரிக்கை என்று நினைத்தேன் என்று சொல்ல வாய் திறந்தேன். அது முழு உண்மை இல்லை. கிலுகிலுப்பை, குயில், இன்வெர்ட்டர் எல்லாம் எனக்குத் தெரியும். எதைச் சேர்த்துப் பார்த்தால் என்ன வரும் என்றும் தெரியும். சேர்த்துப் பார்க்காமல் இருந்தேன். அதைச் சொன்னேன்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பேசினாளா, அழுதாளா, தெரியவில்லை. பாப்பா அவள் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்து வாயைத் திறந்தாள். மோட்டார் ஓட ஆரம்பித்தது.

கையை நீட்டினேன். தாரணி கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு கொடுத்தாள். கொடுத்துவிட்டு எழுந்து போகவில்லை. ஒரு கை தொலைவில் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

ஜூன் 14, ஞாயிறு. காலை

மாத்திரை முகத்தை உப்ப வைத்திருக்கிறது. காதில் மாற்றம் இல்லை. இனி செய்ய வேண்டியவை:

1. மாமியாருக்கு நானே போன் செய்வேன். அவர் பேசுவது எனக்குக் கேட்காது, ஆகவே நான் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன்: "வாங்க அத்தை, எங்களுக்கு நீங்க வேணும்." செவ்வாய்க்கிழமை பஸ் நிலையத்துக்குப் போய் நிற்பேன்.

2. வீட்டில் இன்னொருவர் இல்லாமல் பாப்பாவோடு தனியாக இருக்க மாட்டேன். தாரணி சொல்வதற்கு முன் நான் சொல்லிவிட வேண்டும்.

3. குப்புராஜ் அண்ணனிடம் உண்மையைச் சொல்வேன். மார்ச்சிலிருந்து நான் டியூன் செய்த வீடுகள் எல்லாவற்றையும் வேறு ஆள், அளவு மைக் வைத்துத் திருத்த வேண்டும். நானும் கூடப் போவேன். சௌந்தரவேல் வீட்டுக்கு முதலில்.

4. நான்கு கருவியிலும் மைக் இணைப்பைத் துண்டிப்பேன். கெயின் பூஜ்யம். கடவுச்சொல்லைத் தாரணி மாற்றுவாள், எனக்குச் சொல்ல வேண்டாம்.

5. புதன்கிழமை மருத்துவரிடம் போகும்போது காதுக் கருவி பற்றிக் கேட்பேன். அதை டியூன் செய்பவர் என்ன சொன்னாலும் எதிர்த்துப் பேச மாட்டேன்.

6. அமுதினி விழித்திருக்கும்போது திரையைப் பார்க்க மாட்டேன். அவள் வாயைப் பார்ப்பேன்.